செட்டிங் அனுப்பினேன், கருவி எடுக்கவில்லை: மோட்பஸ் லைனில் பதிலைப் பார்த்துக் கோளாறு தேடுவது

ஏப்ரல் பிறந்தால் கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பேனல் கதவுகளைத் திறப்பார்கள். பல மாதம் சும்மா கிடந்த லைன். பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய முதல் லாரி கேட்டில் வந்து நிற்பதற்குள் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), டெம்பரேச்சர் கன்ட்ரோலர், ஃப்ளோ மீட்டர் எல்லாவற்றுக்கும் இந்த சீசனுக்கான செட்டிங்கை ஏற்றியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, ரைட் பண்றேன், எடுக்கவே மாட்டேங்குது."

"பதில் என்ன வந்துச்சு தம்பி?" என்று கேட்பேன். பெரும்பாலும் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கேபிளை மாற்றியிருப்பார்கள், லேப்டாப்பை லைனோடு இணைக்கும் கன்வெர்ட்டரை மாற்றியிருப்பார்கள், ஓசூருக்கு ஆள் அனுப்பிப் புது கன்ட்ரோலரே வாங்கி வந்திருப்பார்கள். பதிலாக வந்த ஐந்து பைட்டைப் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. அதனால் இங்கே எல்லாவற்றையும் பதிலை வைத்தே பிரித்திருக்கிறேன். கருவிகள் ஒன்றோடொன்று பேச மோடிகான் நிறுவனம் 1979-ல் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறை, அந்தப் பேச்சு போகும் ஆர்எஸ்-485 இரட்டைக் கம்பி, இதுதான் நம் பக்கத்து ஆலைகளில் அதிகம். சொல்வதெல்லாம் அதற்கே.

தொடங்கும் முன் ஒன்று. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதும், ஸ்டெரிலைசரில் நீராவி இருக்கும்போதும் செட்டிங் எழுதாதீர்கள். ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் சொல்லி, மோட்டாரை நிறுத்தி, பக்கத்தில் ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். தவறான எண் ஒன்று போனால் அதை முதலில் வாங்கிக்கொள்வது இயந்திரத்துக்கு அருகில் நிற்பவர்தான்.

ஒரு செய்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

11 06 00 01 00 03, அப்புறம் இரண்டு பைட் சிஆர்சி (செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்). ஒரு ரெஜிஸ்டரில் (கருவி ஒரு மதிப்பை வைத்திருக்கும் எண்ணிட்ட இடம்) எழுதும் கட்டளை இவ்வளவுதான், மொத்தம் எட்டு பைட். 11 என்பது ஸ்லேவ் ஐடி, அதாவது லைனில் அந்தக் கருவியின் எண். இது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் என்பதால் நம் கணக்கில் 17. 06 என்றால் 'ஒரு ரெஜிஸ்டரில் எழுது'. 00 01 எந்த ரெஜிஸ்டர், 00 03 என்ன மதிப்பு. கருவி ஒப்புக்கொண்டால் இதே எட்டு பைட்டை அப்படியே திருப்பி அனுப்பும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 11 86 02 என்பது போலச் சின்னதாக, சிஆர்சியோடு ஐந்து பைட்டில் ஒரு பதில் வரும். 06-உடன் 80 சேர்ந்து 86 ஆகியிருக்கிறது. முடியாது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு அடுத்துள்ள 02 ஏன் முடியாது என்ற காரணம். பல ரெஜிஸ்டரை ஒன்றாக எழுதும்போது கட்டளை எண் 16, பதினாறடிமானத்தில் 10. அதன் மறுப்பு 90 என்று வரும்.

நீங்கள் வைத்திருக்கும் மென்பொருளில் இந்த பைட்டுகளைக் காட்டும் ஜன்னல் பெரும்பாலும் இருக்கும். முதலில் அதைத் திறந்து வையுங்கள்.

அறிகுறி: பதிலே இல்லை, டைம் அவுட்

இங்கேதான் பலரும் திசை தெரியாமல் நிற்கிறார்கள். காரணம் எளிது. ஐடி தவறு, பாட் ரேட் (பேசும் வேகம்) தவறு, பேரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) தவறு, சிஆர்சி தவறு, கம்பி அறுந்தது, கருவிக்கு மின்சாரமே இல்லை, இவை எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். சிஆர்சி சரியில்லாத செய்தியைக் கருவி சத்தமில்லாமல் விட்டுவிட வேண்டும் என்பதே விதி. 'எனக்குப் புரியவில்லை' என்றுகூட அது சொல்லாது.

முதலில் கம்பி. லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி என்ற இரண்டு கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருந்தால் சுமார் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் கம்பி விட்டிருக்கிறது. 40 காட்டினால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அதைக் கழற்றுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, லைன் பேசாமல் இருக்கும்போது டிசி வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பயாஸ் ரெசிஸ்டர் (பேசாதபோது லைனை ஒரே நிலையில் பிடித்து வைப்பது) இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சீசன் இல்லாத மாதங்களில் நம் ஆலைகளுக்கு ஓர் எலித்தொல்லை உண்டு. கேபிள் ட்ரேயில் ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோக உறை) வரைக்கும் கடித்து வைத்திருக்கும். ஜங்ஷன் பாக்ஸில் பல்லி மாட்டிக் கருகிக் கிடக்கும். கூழ் தெறித்த இடத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிக் கழுவி டெர்மினல் பச்சை பூத்திருக்கும். ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். வேலைக்கு நடுவில் வந்த எத்தனையோ போன்கள் அந்த ஒரு சுற்றிலேயே தீர்ந்திருக்கின்றன.

ஏ, பி என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஆர்எஸ்-485 தரத்தில் ஏ எது, பி எது என்று இருப்பதற்கு நேர்மாறாகப் பல கம்பெனிகள் தங்கள் கருவியில் அச்சிடுகின்றன. கருவியில் டி பிளஸ், டி மைனஸ் என்று போட்டிருந்தால் அதை வைத்துக் கோத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், அதனால் ஒன்றும் எரியாது.

கம்பி சரியென்றால் அடுத்தது பேரிட்டி. மோட்பஸ் விதிப்படி பேரிட்டியின் இயல்பு நிலை ஈவன். பேரிட்டி வேண்டாம் என்றால் இரண்டு ஸ்டாப் பிட் (ஒவ்வொரு பைட்டின் முடிவைக் காட்டுவது) இருக்க வேண்டும். ஆனால் சந்தையில் பாதிக் கருவிகள் பேரிட்டி இல்லாமல் ஒரே ஸ்டாப் பிட்டுடன்தான் வருகின்றன. பாட் ரேட் 9600, பேரிட்டி ஈவன், ஸ்டாப் பிட் ஒன்று. 9600, நோ, ஒன்று. பிறகு 19200-ல் அதே இரண்டு. இந்த நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கேபிளைக் குறை சொல்லுங்கள்.

படிக்கும்போது பதில் வருகிறது, எழுதும்போது மட்டும் டைம் அவுட் ஆகிறது என்றால் கதை வேறு. சில கருவிகள் மதிப்பை நிரந்தர நினைவகத்தில் பதித்து முடித்த பிறகுதான் பதில் தரும். உங்கள் மென்பொருள் 100 மில்லி செகண்ட் மட்டும் காத்திருந்தால் பதில் வருவதற்குள் கைவிட்டிருக்கும். செட்டிங் எழுதும்போது ஒரு செகண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லேவ் ஐடியில் 0 போட்டிருந்தாலும் பதில் வராது. 0 என்பது லைனில் உள்ள எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு, அதற்கு எந்தக் கருவியும் பதில் தராது, ஆனால் எழுதிக்கொள்ளும். 'பதில் இல்லையே' என்று ஐடி ரெஜிஸ்டருக்கே 0 முகவரியில் இரண்டு மூன்று முறை அனுப்பி, லைனில் இருந்த அத்தனை கன்ட்ரோலரையும் ஒரே ஐடி ஆக்கியதை ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனியே லேப்டாப்பில் மாட்டிப் பிரிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அறிகுறி: பதில் வருகிறது, குப்பையாக வருகிறது

ஒரு கருவியைக் கேட்கும்போது மட்டும் சிஆர்சி பிழை வந்தால், அதே ஐடியில் இன்னொன்று லைனில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கருவிக்குப் பெரும்பாலும் ஐடி 1 தான், லைனில் ஏற்கெனவே ஒரு 1 இருக்கும். புதியதைத் தனியாக மேசையில் வைத்து ஐடி மாற்றிவிட்டு லைனில் சேருங்கள்.

எல்லாக் கருவியிலும், அதுவும் பெரிய மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால் மின் இரைச்சல் (நாய்ஸ்). டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளும் இந்தக் கம்பியும் ஒரே ட்ரேயில் போகின்றனவா பாருங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

விட்டு விட்டு வந்தால், லைனில் இன்னொரு மாஸ்டர் இருக்கிறது. 485 லைனில் ஓடும் மோட்பஸ் ஆர்டியூவில் கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்குத்தான். பிஎல்சி (இயந்திரங்களை நடத்தும் கணினி) கேட்டுக்கொண்டிருக்கும் லைனில் லேப்டாப்பையும் மாட்டி எழுதினால் இருவர் பேச்சும் மோதும். பிஎல்சியின் கேபிளைக் கழற்றிவிட்டு எழுதுங்கள், அல்லது பிஎல்சி வழியாகவே எழுதுங்கள்.

அறிகுறி: 86 அல்லது 90 என்று மறுப்பு வருகிறது

இது நல்ல செய்தி. கம்பி, ஐடி, வேகம், பேரிட்டி நான்கும் சரி என்று கருவியே சொல்லிவிட்டது. இதற்கு மேல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம். காரண எண்ணை மட்டும் பாருங்கள்.

01 வந்தால், அந்தக் கட்டளையே அந்தக் கருவிக்குத் தெரியாது. 06 தெரியாத கருவி உண்டு, 16 தெரியாத கருவியும் உண்டு. ஒன்று மறுத்தால் மற்றதில் அனுப்புங்கள். ஒரே ஒரு ரெஜிஸ்டராக இருந்தாலும் 16-ல் அனுப்பலாம்.

02 வந்தால் முகவரி. கையேட்டில் 40001 என்று எழுதியிருக்கும், ஆனால் கம்பியில் போக வேண்டியது 0. சில மென்பொருள் 40001 என்று போட்டால் தானே கழித்துக்கொள்ளும், சிலது கழிக்காது. 02 என்று மறுப்பு வந்தால் நம் நல்ல நேரம். அந்த ஒரு எண் தள்ளிய இடத்திலும் வேறொரு ரெஜிஸ்டர் இருந்துவிட்டால் மறுப்பே வராது, பக்கத்து வீட்டில் எழுதிவிட்டுச் 'சரி' என்று வரும். ஆக்சிலரேஷன் நேரத்துக்கு அனுப்பிய மதிப்பு டிசிலரேஷனில் போய் உட்கார்ந்திருப்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். மோட்டார் வழக்கம்போலக் கிளம்பியது, நிறுத்தியபோதுதான் டிரைவ் ஓவர் வோல்ட்டேஜ் காட்டி ட்ரிப் ஆனது. அன்றிலிருந்து புதுக் கருவி எதுவானாலும், முகப்பில் எனக்குத் தெரிந்த ஒரு மதிப்பை முதலில் படித்துப் பார்த்து, முகவரிக் கணக்கை உறுதி செய்த பிறகே எழுதுகிறேன்.

ஒரே மூச்சில் நிறைய எழுதினாலும் மறுப்பு வரும். 16-ல் அதிகபட்சம் 123 ரெஜிஸ்டர். பல கருவிகள் அதைவிட மிகக் குறைவாகத்தான் ஏற்கும். நடுவில் ஒரு காலி முகவரி இருந்தாலும் மொத்தத்தையும் மறுத்துவிடும்.

03 என்றால் மதிப்பு எல்லை தாண்டியது. தசமப் புள்ளியைப் பாருங்கள். 105.0 டிகிரியை 1050 என்று அனுப்ப வேண்டிய இடத்தில் 10500 போயிருக்கும்.

04 என்றால் கருவியால் செய்ய முடியவில்லை. மோட்டார் ஓடுகிறது, பாராமீட்டர் பூட்டு போட்டிருக்கிறது, முகப்பில் லோக்கலில் வைத்திருக்கிறார்கள், இந்த மூன்றில் ஒன்றாக இருப்பதுதான் வழக்கம். மோட்டார் ரேட்டிங் போன்றவற்றை ஓடும்போது பல டிரைவ்கள் மாற்ற விடாது, விடாமல் இருப்பதும் நல்லதுதான். காரணம் 06 என்றால் கருவி வேலையாக இருக்கிறது, சற்று நேரம் கழித்து அனுப்பினால் போதும்.

ஈதர்நெட்டில் போய் நடுவில் ஒரு கேட்வே (இரண்டு வகை லைனையும் இணைக்கும் பெட்டி) வழியாக 485-க்கு இறங்கும் லைனில் 10 அல்லது 11 என்ற காரணமும் வரலாம், பதினாறடிமானத்தில் அவை 0A, 0B என்று தெரியும். 10 என்றால் கேட்வேக்கே வழி தெரியவில்லை, அதன் செட்டிங்கைப் பாருங்கள். 11 என்றால் கேட்வே கேட்டது, கீழே உள்ள கருவி பேசவில்லை. மேலே சொன்ன 'பதிலே இல்லை' பகுதிக்குப் போங்கள்.

ஓசூர் சிப்காட் பக்கம் டிவைஸ்நெட், ஈதர்நெட் ஐபி என்ற வேறு நெறிமுறை லைன்களைப் பார்ப்பவர்களும் இதே முறையில் தேடலாம். அங்கே எக்ஸ்ப்ளிசிட் மெசேஜுக்கு (கேட்டுப் பதில் வாங்கும் செய்தி) வரும் ஸ்டேட்டஸில், தசம எண்ணில் சொன்னால், 5 என்றால் நீங்கள் சொன்ன ஆப்ஜெக்ட் அங்கே இல்லை, 8 அந்த சர்வீஸ் (கட்டளை) கிடையாது, 9 மதிப்பு தவறு, 14 அந்த ஆட்ரிபியூட்டை (மதிப்பை) படிக்கலாம், எழுத முடியாது, 16 கருவி இப்போது இருக்கும் நிலையில் முடியாது. 19 என்றால் அனுப்பிய பைட் குறைவு, 21 என்றால் அதிகம். இந்தக் கடைசி இரண்டும் வந்தால் இரண்டு பைட் எண்ணை நான்கு பைட்டாகவோ ஒரு பைட்டாகவோ அனுப்பியிருப்பீர்கள்.

அறிகுறி: 'சரி' என்று வந்தது, ஆனால் எதுவும் மாறவில்லை

இதில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். நல்ல அனுபவசாலிகளையும் நாள் கணக்கில் அலைக்கழித்த கோளாறு இது.

06 கட்டளைக்கு ஒப்புதல் என்பது அனுப்பிய அதே எட்டு பைட் என்று சொன்னேன் அல்லவா? இரட்டைக் கம்பி கன்வெர்ட்டர்கள் சிலவற்றில், அனுப்பும் நேரத்தில் அதன் காது மூடுவதில்லை. நாம் அனுப்பியது நமக்கே திரும்பக் கேட்கும். மென்பொருள் அதைக் கருவியின் பதில் என்று எடுத்துக்கொண்டு பச்சை டிக் காட்டிவிடும். கருவி செத்தே கிடந்தாலும் டிக் விழும்.

பர்கூர் பக்கம் ஓர் ஆலையில் ஒரு தம்பி இப்படித்தான் டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்கு ஒரு நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வெற்றி. முகப்பில் பழைய செட் பாயிண்ட். கன்ட்ரோலரில்தான் கோளாறு என்று முடிவு செய்து திருப்பி அனுப்பப் பெட்டியில் கட்டிவிட்டார். "அந்தக் கம்பியைக் கழற்றிட்டுத் திரும்ப அனுப்பிப் பாருங்க தம்பி" என்றேன். கன்வெர்ட்டர் முனையில் இரண்டு கம்பியும் அந்தரத்தில் தொங்க, எழுது பொத்தானை அமுக்கினார். பச்சை டிக். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்வெர்ட்டருக்குள் இருந்த எக்கோ ஜம்பரை மாற்றிய பிறகு உண்மையான கோளாறு வெளியே வந்தது: பேரிட்டி.

அதனால் எழுதிய ஒவ்வொன்றையும் 03 கட்டளையால் திரும்பப் படியுங்கள். படிக்கும் கேள்வியும் அதன் பதிலும் ஒரே மாதிரி இருக்காது, எக்கோ அங்கே ஏமாற்ற முடியாது.

திரும்பப் படித்தால் புது மதிப்புதான் வருகிறது, இயந்திரம் மட்டும் பழையபடி நடக்கிறது என்றால், 'அப்ளை' என்று தனி ரெஜிஸ்டர் இருக்கிறதா கையேட்டில் பாருங்கள். பாட் ரேட், ஐடி போன்றவை பல கருவிகளில் மின்சாரத்தை நிறுத்திப் போட்ட பிறகே நடைமுறைக்கு வரும். சில கருவிகள் உடனே மாறிவிடும், ஒப்புதலைக்கூடப் புது வேகத்தில் சொல்லும். ஆகவே அந்த இரண்டையும் எப்போதும் கடைசியில் எழுதுங்கள்.

மாறியது, ஒரு நொடியில் பழையதற்கே திரும்பியது என்றால் கருவியின் மேல் தவறில்லை. பிஎல்சியோ எச்எம்ஐயின் (ஆபரேட்டர் திரை) ரெசிபியோ, அதாவது அதில் சேமித்த செட்டிங் தொகுப்போ அதே ரெஜிஸ்டரில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. மதிப்பை அங்கே மாற்ற வேண்டும்.

அறிகுறி: மாறியது, கரண்ட் போய் வந்ததும் மறந்துவிட்டது

மதிப்பு தற்காலிக நினைவகத்தில்தான் இருந்திருக்கிறது. நிரந்தரமாகப் பதிக்க 'சேவ்' கட்டளை தனியாக உண்டு. நம் ஊரில் ஈபி போய் ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில விநாடி போதும், காலையில் போட்ட செட்டிங் எல்லாம் போய்விடும். எல்லாம் எழுதியதும் ஒரு முறை சேவ் செய்து, பிரேக்கரை அணைத்துவிட்டுப் போட்டு, மறுபடி படித்துப் பாருங்கள்.

'எதற்கு வம்பு' என்று ஒவ்வொரு எழுத்தையும் நிரந்தர நினைவகத்துக்கே அனுப்பும்படி பிஎல்சியில் போட்டுவிடாதீர்கள். நிரந்தர நினைவகமாக இருக்கும் பல ஈஈப்ரோம் சிப்புகளின் ஆயுள் ஒரு லட்சம் எழுத்து. நொடிக்கு ஒரு முறை எழுதினால் ஒரு நாளைக்கு 86,400. மறுநாள் காலையிலேயே கணக்கு முடிந்துவிடும். ஓடும்போது மாறும் மதிப்புக்குத் தற்காலிக ரெஜிஸ்டர், சீசனுக்கு ஒரு முறை மாறுவதற்கு நிரந்தரம்.

அறிகுறி: எழுதியது ஒன்று, காட்டுவது வேறு

பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசம் என்றால் தசமப் புள்ளி. −5 அனுப்பி 65531 காட்டினால் குறி உள்ள எண்ணைக் குறி இல்லாததாகப் படிக்கிறார்கள். 1 அனுப்பி 65536 காட்டினால் இரண்டு ரெஜிஸ்டரும் இடம் மாறியிருக்கின்றன.

ஃப்ளோ மீட்டரில் தசம எண் எழுதும்போது இந்த இடமாற்றம் மறைந்து நிற்கும். 50.0 என்பது இரண்டு ரெஜிஸ்டரில் 4248, 0000 என்று போகும். முழு எண்ணாகப் படித்தால் 16968, 0. இதைத் தலைகீழாக, முதலில் 0000, பிறகு 4248 என்று அனுப்பினால் கருவிக்கு அது பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சின்ன எண், முகப்பில் 0.0 என்று நிற்கும். எழுதவே இல்லையோ என்று நினைக்கத் தோன்றும். 50.0 எழுதி, திரும்பப் படிக்கும்போது 16968 எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எழுதிய மென்பொருளும் படித்த மென்பொருளும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தவறைச் செய்யும், ஆகவே கருவியின் முகப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: நேற்று வரை எல்லாம் சரி, இடி மழைக்குப் பிறகு லைனே பேசவில்லை

மே மாதக் கோடை மழைக்கு இது நம் பக்கம் வழக்கம். ஒரே ஒரு கருவியின் 485 சிப் அடிபட்டுக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், நல்ல கருவிகளும் அதனால் ஊமையாகிவிடும். லைன் பேசாதபோது ஏ, பி நடுவே மல்டிமீட்டரை மாட்டி வைத்துவிட்டு, கடைசிக் கருவியிலிருந்து ஒவ்வொன்றாகக் கம்பியைக் கழற்றி வாருங்கள். எதைக் கழற்றும்போது வோல்ட் பழைய அளவுக்கு ஏறுகிறதோ அதுதான். அதை ஒதுக்கி வைத்து, டெர்மினேஷன் ரெசிஸ்டர் அந்தக் கருவியில் இருந்ததென்றால் லைனின் புது முனைக்கு மாற்றிவிட்டு, மற்றதை ஓட விடலாம்.

மாற்றுக் கருவி வந்ததும் அதற்கு எழுத வேண்டிய ஐடி, பாட் ரேட், பேரிட்டி, முகவரி 0-விலிருந்தா 1-லிருந்தா, தசமம் எத்தனை இடம், சேவ் ரெஜிஸ்டர் எது, எல்லாம் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிய காகிதத்தில் இருக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுங்கள். இங்க் பேனாவில் எழுதியதை நீராவி இரண்டு சீசனில் அழித்துவிடுகிறது.